தக்கையும் தவக்குலும்





காரைக்குடியில் வாழும் நமக்குக் கடல் ஒன்றும் வெகுதொலைவில் இல்லை. தேவகோட்டை, திருவாடானை வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் சென்றால் தொண்டிக் கடற்கரை வந்துவிடும். ஆயினும், நம் மக்தபில் ஓதும் பிள்ளைகளிடம், "உங்களில் எத்தனை பேர் படகில் ஏறியிருக்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டபோது உயர்ந்த கைகள் மிகச் சில. ஊருணியையும் கண்மாயையும் அறிந்த பிள்ளைகள் கடலை அறியாதிருந்தார்கள். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் என்று மரக்கலம் செலுத்திய முன்னோரின் பெயர்களை மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படும் சமுதாயத்தின் இன்றைய நிலை இது.

அந்தக் குறையைச் சிறிதளவேனும் போக்கலாம் என்றெண்ணி, ஷவ்வால் மாத விடுமுறையில் எட்டுப் பிள்ளைகளையும் பெற்றோர் இருவரையும் அழைத்துக்கொண்டு கடற்கரைக்குச் சென்றோம். அன்று நாம் செய்த பிழை ஒன்றையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். கற்பிப்பவரின் தவறு கற்பவருக்குப் பாடமாக அமையுமெனில் அதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை.

அன்று நடந்தது

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வணிகக் கப்பலில் பணிபுரிகிறார். விடுப்பில் வந்திருந்த அவர், பழைய பாய்மரப் படகு ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தார். நான்கு மீட்டர் நீளம், ஃபைபர் உடல், ஒற்றைப் பாய், ஏறத்தாழ 6 மீட்டர் உயரமுள்ள அலுமினியப் பாய்மரம். அதை ஏற்றிச் செல்ல இரு சக்கர டிரெய்லர் ஒன்றும் வைத்திருந்தார். பஜ்ர் தொழுகையை முடித்துவிட்டு, ஜீப்பின் பின்னால் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். தொண்டிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் படகுத் துறையை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்த நாட்கள் அவை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் தொழில் செய்துகொண்டிருந்தார்கள்.

படகுகளை இறக்கி ஏற்றுவதற்கென்று அங்கே கான்கிரீட் சாய்தளம் ஒன்று இருந்தது. பார்வைக்கு அது சாய்தளமாகவே தோன்றவில்லை. வீட்டு முற்றம் போல மெல்லச் சரிந்து நீருக்குள் மறைந்தது. நீரும் கண்ணாடி போல் அசைவற்றுக் கிடந்தது. "இதில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது?" என்ற எண்ணமே நம் எல்லோருக்கும்.

மாணவர் ஜீப்பைப் பின்னோக்கிச் செலுத்தினார். பின்சக்கரங்கள் நீரில் இறங்கின. டிரெய்லர் இன்னும் தள்ளியிருந்தது. ஆனால் படகு மிதக்கவில்லை. இன்னும் சற்றுப் பின்னால் வந்தார். நீர் சக்கரத்தின் நடுக்குடம் வரை ஏறிவிட்டது. அப்போதும் படகு மிதக்கவில்லை. உடனே ஜீப்பை முன்னால் எடுத்து, டிரெய்லரைக் கழற்றி, நீண்ட கயிறு ஒன்றால் அதை ஜீப்புடன் பிணைத்து, கையால் தள்ளி இறக்க முடிவு செய்தார். அவசரத்தில் படகை டிரெய்லரோடு கட்டியிருந்த பட்டையையும் அவிழ்த்துவிட்டார். நாமும் பிள்ளைகளும் தள்ளினோம். உற்சாக மிகுதியில் இரு சிறுவர்கள் கடல் பக்கமாகப் போய் டிரெய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டதை நாம் கவனிக்கவில்லை.

கான்கிரீட் தளம் முடியும் இடத்தில் ஓரம் உடைந்து போயிருந்தது. ஒரு சக்கரம் அந்த விளிம்பில் சறுக்கி இறங்க, கட்டவிழ்ந்த படகு ஒரு மீட்டர் தூரம் பின்னோக்கி வழுக்கியது. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் துள்ளி விலகினான். முழங்காலுக்குக் கீழே சிராய்ப்பு, அவ்வளவே. ஒரு நொடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணினால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

அதன் பின்னரும் நாம் விழித்துக்கொள்ளவில்லை. படகு மிதந்தது. மாணவரும் இரு பிள்ளைகளும் ஏறினார்கள். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை உரத்த குரலில் சொல்லிக்கொடுத்தோம். பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து ஓதினார்கள். படகு ஐம்பது அடி தூரம் போயிருக்கும். பக்கத்தில் தம் வள்ளத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"அஜரத்து, துஆ ஓதுன சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. தக்கையைப் போட்டாச்சா?"

"எந்தத் தக்கை, காக்கா?"

"அடியில ஓட்டை இருக்குமே, தண்ணி வடிய. படகு பின்பக்கம் தாழுது பாருங்க."

படகைக் கழுவினால் நீர் வெளியேறுவதற்காக அதன் பின்புறம் அடியில் ஒரு துளை உண்டு. கடலில் இறக்குமுன் அதைத் தக்கையால் அடைக்க வேண்டும். அந்தத் தக்கை ஜீப்பின் முன்பெட்டியில் பத்திரமாக இருந்தது! படகுக்குள் கணுக்கால் அளவு நீர் நிறைந்துவிட்டது. நல்லவேளையாக அங்கே கடல் இடுப்பளவுதான். அல்ஹம்துலில்லாஹ், நடந்துபோய் இழுத்து வந்தோம்.

அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. தவக்குல் என்றால் என்ன என்று ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தும் நாம், தக்கை போடாத படகில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு துஆ ஓதியிருக்கிறோம். அந்தப் பெரியவரின் கேள்வி நம்மை நோக்கி மட்டும் கேட்கப்பட்டதல்ல. நம் சமுதாயம் முழுவதையும் நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வியாகவே அது நமக்குத் தோன்றுகிறது.

பலகைகளும் ஆணிகளும்

நூஹ் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுகூருங்கள். அவர்களைக் காப்பாற்ற அல்லாஹ்வுக்குக் கப்பல் தேவையா? "ஆகு" என்றால் ஆகிவிடும் ஆற்றலுடையவன் அவன். ஆயினும் கப்பலைக் கட்டும்படியே கட்டளையிட்டான். தன் கண்காணிப்பில் கட்டும்படி கூறினான் (அல்குர்ஆன் 11:37). சமூகத்தின் பெரியவர்கள் கடந்து செல்லும்போதெல்லாம் ஏளனம் செய்தார்கள். அவர்களோ கட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கப்பலைப் பற்றிக் குறிப்பிடுகையில், அது பலகைகளும் ஆணிகளும் கொண்டது என்றே அல்லாஹ் அறிமுகப்படுத்துகிறான் (54:13). ஒரு நபியை அல்லாஹ் காப்பாற்றிய மாபெரும் அற்புதத்தில் ஆணிக்கும் இடமிருக்கிறது. நம் தக்கையும் அந்த ஆணியின் இனத்தைச் சேர்ந்ததுதான்.

கப்பல் ஆயத்தமான பிறகே, அதில் ஏறும் நேரத்திலேயே, அது செல்வதும் நிற்பதும் அல்லாஹ்வின் பெயராலேயே என்ற வார்த்தை நூஹ் (அலை) அவர்களின் நாவிலிருந்து வருகிறது (11:41). அவ்வாறே, கப்பல்களையும் கால்நடைகளையும் நமக்கு வசப்படுத்தித் தந்ததைப் பற்றிப் பேசும் வசனங்களில், அவற்றின் மீது சரியாக அமர்ந்த பின் இறைவனின் அருளை நினைத்து அவனைத் துதிக்கும்படி வழிகாட்டப்படுகிறது (43:12-14). இந்த வரிசையைக் கவனியுங்கள். உழைப்பு முந்துகிறது, அமர்தல் தொடர்கிறது, அதன்பின் துதி வருகிறது. துஆ, விடுபட்ட வேலைக்கு ஈடாக நிற்பதன்று. முடித்த வேலையை இறைவனிடம் ஒப்படைப்பது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்கு அறிவுறுத்திய செய்தியைத் திர்மிதீயில் காண்கிறோம். அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் அந்தச் செய்தியை ஒட்டகத்தோடு நிறுத்திக்கொண்டோம். நம் கையில் இருப்பது ஒட்டகம் அன்று. படகு, இருசக்கர வாகனம், எரிவாயு அடுப்பு, மின்கம்பி ஆகியவையே. ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தக்கை உண்டு.

ஒரு கப்பலின் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பயணம் செய்வோரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிய உவமையும் (புகாரி) இங்கே நினைவுக்கு வருகிறது. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே சென்று பிறரைத் தொல்லைப்படுத்த வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில்தான் துளையிட நினைக்கிறார்கள். எண்ணம் நல்லது என்பதற்காகக் கடல்நீர் உள்ளே வராமல் இருந்துவிடாது. நம் எண்ணமும் அன்று நல்லதாகவே இருந்தது.

ஆழமில்லாத நீரின் ஏமாற்று

அந்தத் துறையில் நாம் ஏமாந்ததற்குக் காரணம் அதன் மென்மையே. இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். டிரெய்லரின் மேலிருக்கும் படகு மிதந்து எழ ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீர் தேவை என்று கொள்வோம். எட்டடிக்கு ஓரடி இறங்கும் சாய்தளமாயின், நீரின் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் உள்ளே சென்றாலே போதும். இருபது அடிக்கு ஓரடி மட்டுமே இறங்கும் தளமாயின் பன்னிரண்டு மீட்டர் செல்ல வேண்டும். அப்போது இழுத்துவந்த வண்டியின் பின்சக்கரங்களே 40 சென்டிமீட்டர் உப்புநீரில் நிற்கும். எனவேதான் நம் ஜீப் நனைந்தது, படகு நனையவில்லை.

பாக் விரிகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. சிறிய அளவுதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் இருபதுக்கு ஒன்று என்னும் சரிவில் நீர் அரை மீட்டர் வற்றினால், நீரின் விளிம்பு பத்து மீட்டர் பின்வாங்கிவிடும். காலையில் படகை இறக்கிய இடத்தில் மதியம் ஏற்ற முடியாது. காற்றும் அப்படியே. அதிகாலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் தரைக்காற்று கரையோர நீரை அலையில்லாமல் வைத்திருக்கும். பார்ப்பவருக்குக் கடல் சாதுவாகத் தோன்றும். அதே காற்றுத்தான் பழக்கமில்லாதவரின் படகைக் கரையிலிருந்து வெகுதூரம் இழுத்துச் சென்றுவிடும்.

இந்தக் கடலை அறிந்தவர்கள் அதற்கேற்ற கலங்களைக் கட்டினார்கள். பாக் விரிகுடாவில் ஓடிய 'வத்தை' என்னும் பாய்மரப் படகு தட்டையான அடிப்பாகம் உடையது. ஆழமற்ற நீரில் தரைதட்டாமல் செல்லவும், தரைதட்டினாலும் சாயாமல் நிற்கவும் ஏற்றது. நாம் கண்ட துறையிலும் பெரிய படகுகள் கரையில் ஒட்டவில்லை. தொலைவில் நங்கூரமிட்டிருந்தன. மீனவர்கள் இடுப்பளவு நீரில் நடந்துபோய் ஏறினார்கள். ஆழமில்லாத கடலுக்கும் அவர்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது.

ஒழுங்கறிந்தவர் இல்லாமல் போனால் என்னவாகும் என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் பயணி இப்னு பதூதா இலங்கையிலிருந்து தமிழகக் கடற்கரைக்கு, அன்றைய அரபுகள் மஅபர் என்றழைத்த கரைக்கு, கப்பலேறினார். அப்பயணத்தில் அனுபவமுள்ள மாலுமி எவரும் இல்லை என்பதை அவரே தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். காற்று வலுத்தது, பாறைகளுக்கு அருகில் சென்று தப்பினார்கள், பின்னர் ஆழமற்ற நீரில் கப்பல் சிக்கிக்கொண்டது. பாய்மரத்தை வெட்டி எறிந்தார்கள். மரங்களைக் கொண்டு தெப்பம் கட்டினார்கள். தம் துணைவர்களை முதலில் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, அவர் கப்பலிலேயே தங்கினார். கடைசியில் இந்தக் கரையின் மக்களே படகில் வந்து கரைசேர்த்தார்கள். உலகம் சுற்றியவரை மரணத்தின் வாயில் வரை கொண்டு சென்றது நடுக்கடல் அன்று. கரையோரத்து ஆழமற்ற நீரே.

கடலில் துன்பம் வந்தால் அல்லாஹ்வை அழைப்பதும், கரை சேர்ந்ததும் அவனை மறப்பதும் மனிதனின் இயல்பு என்று சொல்லும் அல்குர்ஆன், கரையின் பக்கமே உங்களை விழுங்காது என்று அச்சமற்று இருக்கிறீர்களா என்று வினவுகிறது (17:67-68). ஆழத்தில் இருக்கும்போது எல்லோரும் விழிப்பாக இருக்கிறோம். கணுக்கால் நீரில்தான் அலட்சியம் பிறக்கிறது. நம் வாழ்விலும் பெரும் பாவத்துக்கு அஞ்சுகிறவர் பலர். "இதில் என்ன இருக்கிறது?" என்று நாம் சொல்லும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் கால் வழுக்குகிறது.

துறையில் பேண வேண்டிய ஒழுங்கு

அன்று அந்தப் பெரியவர் வலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து நமக்குச் சொல்லிக்கொடுத்தவற்றையும், மாணவர் தம் கப்பல் அனுபவத்திலிருந்து பின்னர் சேர்த்தவற்றையும் தொகுத்துத் தருகிறோம். படகு இல்லாதவரும் படிக்கலாம். இதிலுள்ள வரிசை எல்லா வேலைக்கும் பொருந்தும்.

முதலாவதாக, வண்டியை நீரில் விடுமுன் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். தளம் எங்கே முடிகிறது, ஓரம் உடைந்திருக்கிறதா, பாசி எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் காலாலும் கழியாலும் அறிய வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் அந்தச் சிறுவன் துள்ளி விலக வேண்டியிருந்திராது.

இரண்டாவதாக, பாய்மரத்தை நிறுத்துமுன் தலையை உயர்த்திப் பார்க்க வேண்டும். அலுமினியப் பாய்மரம் மேலே செல்லும் மின்கம்பியைத் தொட்டால் உயிரிழப்பு நேரக்கூடும். படகை நிறுத்தும் இடத்தில் மட்டுமன்றி, அங்கிருந்து நீர்வரை செல்லும் பாதை முழுவதும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, நெடுந்தூரம் ஓடிய டிரெய்லரின் சக்கர பேரிங் சூடாக இருக்கும். சூட்டோடு நீரில் இறக்கினால் உப்புநீரை உள்ளிழுத்துக்கொண்டு விரைவில் துருப்பிடிக்கும். அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். அந்த அரை மணி நேரத்தில்தான் பாயை ஆயத்தம் செய்வதும், தக்கையைப் போடுவதும், உயிர்காப்பு மேலங்கியைப் பிள்ளைகளுக்கு மாட்டுவதும்.

நான்காவதாக, சரிவு குறைந்த தளத்தில் டிரெய்லரைக் கழற்றிக் கயிற்றில் இறக்குவது தவறான முறை அன்று. ஆனால் கழற்றுமுன் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். கயிறு வண்டியில் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். படகின் பட்டை நீரின் விளிம்பு வரை அவிழ்க்கப்படக் கூடாது. அணியத்தில் கட்டிய கயிறு ஒருவர் கையில் எப்போதும் இருக்க வேண்டும். டிரெய்லருக்குக் கீழ்ப்பக்கத்தில், அதாவது கடல் பக்கத்தில், எவரும் நிற்கக் கூடாது.

ஐந்தாவதாக, மிதந்த பின் அவசரம் கூடாது. சுக்கானையும் நடுப்பலகையையும் போதிய ஆழம் வரும்வரை உயர்த்தியே வைக்க வேண்டும். படகின் முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்ட பின்னரே பாயை ஏற்ற வேண்டும். அனைவரும் அமர்ந்த பின் பிஸ்மில்லாஹ், அதன்பின் துஆ.

பெரியவர் இவற்றைச் சொல்லி முடித்துவிட்டு, "அவன் பேரைச் சொல்லித்தான் எல்லாம். ஆனா சொல்றதுக்கு முன்னாடி செய்யணும் அஜரத்து" என்றார். எந்த மதரஸாவிலும் பட்டம் பெறாதவர் அவர். நாம் பல கிதாபுகளில் படித்ததைத் தம் கைகளால் அறிந்திருந்தார்.

ஏழைகளின் துறை

நம் கவனத்துக்கு வர வேண்டிய இன்னொன்றும் உண்டு. நாம் சாய்தளத்தின் நடுவே ஜீப்பை நிறுத்திக்கொண்டு, பாயை விரித்து, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு நாட்டுப்படகுகள் கரையேறக் காத்திருந்தன. அவர்கள் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. வெயிலில் மீன் காத்திருந்தது. நமக்கு அது பொழுதுபோக்கு. அவர்களுக்கு அது அன்றைய சோறு.

சூரத்துல் கஹ்ஃபில் வரும் கப்பல், கடலில் உழைக்கும் ஏழைகளுக்குச் சொந்தமானது என்று அல்லாஹ் கூறுகிறான் (18:79). படகு வைத்திருப்பவரையும் 'மிஸ்கீன்' என்றே இந்த வசனம் குறிப்பிடுவதால், ஓரளவு உடைமை இருந்தும் தேவை நிறைவேறாதவரே மிஸ்கீன் என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவர். படகு இருக்கிறதே, வலை இருக்கிறதே, இவர்களுக்கு என்ன குறை என்று எண்ணும் நம் பார்வையை இந்த வசனம் திருத்துகிறது.

பாதையில் அமர்வதைத் தவிர்க்க இயலாது என்று தோழர்கள் கூறியபோது, அவ்வாறாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். படகுத் துறையும் ஒரு பாதையே. எனவே ஆயத்த வேலைகள் அனைத்தையும் ஓரமாக, ஒதுக்குப்புறத்தில் முடித்துக்கொண்டு, இறக்குவதற்கு மட்டுமே தளத்தைப் பயன்படுத்த வேண்டும். தொழில் செய்பவருக்கு முதலிடம் தர வேண்டும். கயிற்றுத் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் அங்கே விட்டுவரக் கூடாது. அந்த மீனவர்களிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். சிரித்துக்கொண்டே பிள்ளைகளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள்.

விதியும் பொறுப்பும்

இதைப் படிக்கும் சிலர், "அஜல் வந்தால் வீட்டிலிருந்தாலும் மரணம் வரும், இவ்வளவு அச்சம் எதற்கு?" என்று கேட்கக்கூடும். வேறு சிலர், "இவ்வளவு ஆபத்தென்றால் பிள்ளைகளைக் கடலுக்கு ஏன் அழைத்துப் போக வேண்டும்?" என்று கேட்கக்கூடும். இரண்டுக்கும் மார்க்கத்தில் விடை உண்டு.

தடுப்புச் சுவர் இல்லாத மாடியில் உறங்கி விழுந்து இறப்பவரையும், கடல் கொந்தளிக்கும்போது அதில் பயணித்து மாள்பவரையும் குறித்து, அவர்களைப் பற்றிய பொறுப்பு நீங்கிவிட்டது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி முஸ்னத் அஹ்மதிலும் அல்அதபுல் முஃப்ரதிலும் பதிவாகியுள்ளது. விதியை நம்புவதும் தடுப்புச் சுவர் கட்டுவதும் ஒரே ஈமானின் இரு பக்கங்கள்.

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர், சிறுவர் சிறுமியர் பலர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 உயிர்கள் பறிபோயின. இறந்தவர்களுக்கு அல்லாஹ் மறுமையில் உயர்வை வழங்குவானாக. ஆனால் அவர்களுக்காகத் துஆச் செய்துவிட்டு, அடுத்த விடுமுறையில் உயிர்காப்பு மேலங்கி இல்லாத படகில் நம் குடும்பத்தை ஏற்றுவோமாயின், நாம் எதையும் கற்கவில்லை என்றே பொருள். "மேலங்கி இல்லையா? அப்படியானால் நாங்கள் ஏறவில்லை" என்று சொல்லும் துணிவு ஒவ்வொரு தந்தைக்கும் தாய்க்கும் வர வேண்டும். பத்துப் பேர் அமரும் படகில் இருபது பேர் ஏறினால், கொடுத்த பணத்தை மறந்துவிட்டு இறங்கிவிட வேண்டும். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அச்சத்தால் கடலைவிட்டு ஒதுங்குவதும் நம் வழி அன்று. நீச்சல், அம்பெய்தல், குதிரையேற்றம் மூன்றையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள் என்பது நபிமொழியாக மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. உமர் (ரழி) அவர்களின் கூற்றாகவே அது பரவலாக அறியப்படுகிறது. ஆயினும் நீச்சல் கற்பதை வீண் விளையாட்டாகக் கருதாத நபிமொழி, நஸாயீ இமாமின் அஸ்ஸுனனுல் குப்ராவில் இடம்பெற்றுள்ளது. நம் ஊர்களில் கண்மாய் நிறையும் ஒவ்வோர் ஆண்டும் நீச்சல் தெரியாத பிள்ளைகளின் மரணச் செய்தி வருகிறது. ஓதக் கற்றுக்கொடுப்பது போலவே நீந்தக் கற்றுக்கொடுப்பதும் பெற்றோரின் கடமைகளுள் ஒன்றென்றே நாம் கருதுகிறோம். பெண்பிள்ளைகளுக்கும் உரிய ஒழுங்குடன், பெண் பயிற்சியாளரைக் கொண்டு, இதற்கு வழிசெய்ய ஜமாஅத்துகள் முன்வர வேண்டும்.

கடற்பயணம் செல்வோருள் தம்மையும் சேர்க்குமாறு துஆச் செய்யும்படி நபி (ஸல்) அவர்களிடம் வேண்டியவர் ஒரு பெண்மணி: அனஸ் (ரழி) அவர்களின் சிற்றன்னை உம்மு ஹராம் (ரழி). உஸ்மான் (ரழி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் அவர் கடல் கடந்து சென்றார். கடலில் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. கரையிறங்கிய பின் வாகனப் பிராணியிலிருந்து விழுந்து இறந்தார் (புகாரி). சைப்ரஸ் தீவின் லார்னகா நகருக்கு அருகே, உப்பேரிக் கரையில், அவருடைய அடக்கத்தலம் என்று போற்றப்படும் இடம் இன்றும் இருக்கிறது. கடலுக்குப் போக ஆசைப்படுவதும் தவறன்று. கரையிலும் மரணம் உண்டு. இரண்டையும் அறிந்தவரே முஃமின்.

இறுதியாக

இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளைகளுடன் மீண்டும் அந்தத் துறைக்குச் சென்றோம். இம்முறை ஓரமாக நிறுத்தி, தளத்தை நடந்து பார்த்து, மீனவர்களிடம் கேட்டு, அவர்கள் கரையேறிய பிறகே இறக்கினோம். மாணவர் அந்தத் தக்கையைச் சிறு கயிற்றால் படகோடு கட்டியிருந்தார், இனி எங்கும் மறந்து வைக்க முடியாதபடி. கால் சிராய்த்த சிறுவனிடம் அதைப் பொருத்தும் பொறுப்பை ஒப்படைத்தோம். அவன் அழுத்திப் பொருத்தி, இருமுறை சரிபார்த்து, "போட்டாச்சு உஸ்தாத்" என்றான். அதன் பிறகே துஆ ஓதினோம். பெரியவர் தம் வள்ளத்திலிருந்து கையை உயர்த்தினார்.

எல்லாம் வல்ல அல்லாஹ், காரணங்களைப் பேணி அவனையே சார்ந்திருக்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக! நிலத்திலும் கடலிலும் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! கடலில் உழைக்கும் ஏழைகளின் வாழ்வாதாரத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.